சிவப்பு யானை ஊர்ல கம்பி பொறுக்குறவங்க – கென்யா டைரி

நாள் 1, நைரோபி

மொதல்லயே சொல்லிடறேன், இது நான் ஆசைப்பட்டு பிளான் பண்ணுன டூர் இல்லீங்க. எங்க அக்கா பொண்ணு, வீட்ல எல்லாருக்கும் அவ அம்மிணி, பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சுட்டு ஆப்பிரிக்கா போய் வேட்டைத் தடுப்பு வேலைல சேரப்போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. நெட்ல ஏதோ ஒரு கம்பெனிக்காரன் ரெண்டு வாரம் ரேஞ்சரோட ரேஞ்சரா இருக்கலாம், யூனிபார்ம் தர்றோம், சர்ட்டிபிகேட் தர்றோம்னு போட்டிருக்கான், இவளும் சேத்து வச்ச காசுல அட்வான்ஸ் கட்டிட்டா, அதுக்கப்புறம் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்ல. அக்கா ஒரு பக்கம் அழுகை, மாமா ஒரு பக்கம் மௌன விரதம். கடைசில "சித்தி கூடப் போய் ஒருக்கா கண்ணால பாத்துட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னு பஞ்சாயத்து முடிஞ்சுது. அந்த சித்திதான் நான். எனக்கு யானை ஒண்ணும் புதுசில்ல, மேட்டுப்பாளையத்துல வாழைத்தோட்டம் வச்சிருக்கற குடும்பம், ராத்திரி பட்டாசு வெடிச்சே வளந்தவங்க.

காலைல இறங்குனதும் தூங்கக்கூட விடல, நேரா ஷெல்ட்ரிக் டிரஸ்ட்டோட யானைக்குட்டி காப்பகம். தாயில்லாத குட்டிங்களை பதினொரு மணிக்குக் கூட்டிட்டு வருவாங்க, ஒரு மணி நேரம் பாக்கலாம். வரிசையா ஓடி வந்துச்சு பாருங்க, ஸ்கூல் பெல் அடிச்ச மாதிரி, பெரிய பால் பாட்டிலை ரெண்டு மடக்குல காலி பண்ணிட்டு இன்னொண்ணுக்கு தும்பிக்கையை நீட்டுது. இந்தப் பாலுக்கே ஒரு கதை இருக்கு. யானைக்குட்டிக்கு மாட்டுப்பால் கொழுப்பு சேராது, அந்தக் காலத்துல எதைக் குடுத்தாலும் கழிஞ்சு செத்துப்போயிருக்கு. டாப்னி ஷெல்ட்ரிக்ங்கற அம்மா வருஷக்கணக்கா மல்லுக்கட்டி கடைசில தேங்காயெண்ணெய் கலந்துதான் சரிக்கட்டுனாங்களாம். தேங்காயெண்ணெய்னதும் எனக்கு ஒரு பெருமை, நான்தான் கண்டுபிடிச்ச மாதிரி.

கூட்டமெல்லாம் குட்டியைப் பாக்குது, நான் அந்தப் பச்சைக் கோட்டு போட்ட கீப்பர்ங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். ராத்திரி குட்டியோட கொட்டடிலயே ஒரு கட்டில்ல படுத்துக்கறாங்க, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு பால் குடுக்கணும். ஒரே ஆள் தொடர்ந்து படுக்கக்கூடாதாம், மாத்தி மாத்திதான் படுக்கணும், இல்லன்னா குட்டி ஒருத்தர் மேலயே உயிரா ஆயிடும், அவர் லீவுல போனா சாப்பிடாம கெடக்கும்னு சொன்னாங்க. ரெண்டு கைக்குழந்தையை வளத்த எனக்கு இது வேலைன்னு சொன்னாலே மயக்கம் வருது.

சாயங்காலம் நைரோபி நேஷனல் பார்க்குக்குள்ள தந்தம் எரிச்ச எடம். 1989 ஜூலைல அப்போதைய ஜனாதிபதி டேனியல் அராப் மோய் தன் கையால 12 டன் தந்தத்துக்குத் தீ வச்சாரு, யோசனை குடுத்தது அப்ப வனவிலங்குத் துறையைப் பாத்துட்டிருந்த ரிச்சர்ட் லீக்கி. அந்த வருஷமே அக்டோபர்ல உலக அளவுல தந்த வியாபாரத்துக்குத் தடை வந்துச்சு. அப்புறம் 2016 ஏப்ரல் 30ந்தேதி உஹுரு கென்யாட்டா காலத்துல 105 டன். தந்தம் லேசுல எரியாதாம்ங்க, டீசலையும் மண்ணெண்ணெயையும் குழாய் வழியா அடிச்சு அடிச்சு நாள்கணக்குல எரிச்சிருக்காங்க. இப்ப சாம்பல் மேடு இருக்கு. குனிஞ்சு பாத்தா சுண்ணாம்புக் கட்டி மாதிரி கருகுன துண்டுங்க, பல்லு வரி தெரியுது. அம்மிணி போட்டோ எடுக்க போனைத் தூக்குனா, அப்புறம் என்னமோ எறக்கி வச்சுட்டா. விக்கிறதை விட்டுட்டு எரிச்சாங்களே, அந்தக் காசுல ஊருக்கு எவ்வளவோ பண்ணிருக்கலாமேன்னு நான் கேட்டேன். "வித்தா இன்னும் வேணும்னு கேப்பாங்க சித்தி"ன்னா. சரிதான், ஆனாலும் விவசாயி வயிறு எரியத்தான் செய்யுது.

நாள் 2, ரயில்ல

காலைல எட்டு மணி வண்டி, நைரோபிலருந்து வோய். சீனாக்காரங்க போட்ட புது லைன், 2017ல ஓட ஆரம்பிச்சது. பழைய லைன் பக்கத்துலயே போகுது, 1898ல சாவோ ஆத்துப் பாலம் கட்டறப்ப ரெண்டு பிடரி இல்லாத ஆண் சிங்கம் மாசக்கணக்கா கூடாரத்துலருந்து ஆளுங்களை இழுத்துட்டுப் போச்சே, அந்த லைன்தான். செத்தவங்கள்ல நம்ம நாட்டுலருந்து கூலிக்குப் போனவங்களும் உண்டு.

ரயில் சாவோ பூங்காவைக் கிழிச்சுக்கிட்டுப் போகுது, மண்மேட்டு மேல தண்டவாளம், அடியில யானை போக பெரிய பெரிய திறப்பு விட்டிருக்காங்க. மண்ணு செக்கச்செவேல்னு, செங்கல் சூளைக்குள்ள போற மாதிரி. நான் வெளிய பாத்துக்கிட்டு புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சேன், அம்மிணி திடீர்னு கத்துறா, பாத்தா தூரத்துல செவப்பா நாலு பாறை, பாறைக்கு காது ஆடுது. அந்த மண்ணைத் தலைல அள்ளிக் கொட்டிக்கொட்டி சாவோ யானை எல்லாம் அந்தக் கலருக்கே மாறிப்போச்சு.

நாள் 3, சாவோ ஈஸ்ட்

இன்னிக்கு வண்டி ஓட்டுனவரு ரிட்டயர்டு ரேஞ்சர். இங்க வயசுல பெரியவங்களை 'முஸே'ன்னுதான் மரியாதையாக் கூப்பிடறாங்க, நம்ம 'பெரியவரே' மாதிரி, நானும் அப்பிடியே கூப்பிட்டுக்கறேன். டைட்டா மலைக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ், சார்ஜென்ட்டா இறங்குனாராம். வண்டியில நாலு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு, ஆனா கண்ணு மட்டும் நிக்கறதே இல்ல.

சாவோ ஈஸ்ட் மட்டும் 13,700 சதுர கிலோமீட்டருக்கு மேல, வெஸ்ட்டையும் சேத்தா 22,000 தாண்டும். நம்ம நீலகிரி மாவட்டம் மாதிரி எட்டு ஒம்பது உள்ள வச்சு மூடலாம். இதை மனுசன் நடந்து காவல் காக்கறான்னா யோசிச்சுப் பாருங்க. அருபா அணைக்கட்டுகிட்ட முப்பது யானைக்கு மேல ஒரே கூட்டம், பொட்டைக்கும் தந்தம். நம்மூர்ல ஆணுக்கு மட்டும்தான் தந்தம், அதனால ஆணாப் பாத்து சுட்டுத் தள்ளுனாங்க, இங்க தாய் யானையையும் விடல, அதான் அந்தக் காப்பகத்துல அத்தனை குட்டிங்க. 1970கள் ஆரம்பத்துல கென்யால 1,67,000 யானை இருந்துச்சுன்னு கணக்கு, 1989ல 16,000. 2021ல எண்ணுனப்ப 36,280, அதுல பதினஞ்சாயிரம் கிட்ட இந்த சாவோ பக்கமே.

வண்டியை ஓரங்கட்டிட்டு முஸே கையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டுனாரு. ஒண்ணும் விசேஷமில்லாத குட்டை மரம், பச்சையா பளபளன்னு இலை. விஷ அம்பு இதுலருந்துதான். கட்டையையும் வேரையும் சீவிப்போட்டு நாள் பூரா காய்ச்சுனா தார் மாதிரி கெட்டியா கறுப்பா வரும், அதை அம்பு முனைல பூசி, காயாம இருக்க தோல் சுத்தி வைப்பாங்க. நெஞ்சை நிறுத்திடும். துப்பாக்கின்னா சத்தம் கேட்டு ஓடலாம், அம்புக்கு சத்தமே இல்ல, யானை கொஞ்ச தூரம் நடந்து போய்த்தான் விழும்னாரு. சட்டாவோன்னு ஒரு பெரிய கொம்பன், தந்தம் தரையைத் தொடும், 2014 மே 30ந்தேதி இந்த சாவோலதான் விஷ அம்புக்கு செத்துச்சு. முகத்தையே வெட்டி எடுத்துட்டாங்க, காதுல இருந்த அடையாளத்தையும் மத்ததையும் வச்சுத்தான் அதுதான்னு உறுதி பண்ணுனாங்களாம். "அப்ப நீங்க அங்க இருந்தீங்களா"ன்னு அம்மிணி கேட்டா. அவரு பதில் சொல்லாம வண்டியை எடுத்தாரு. நான் அவ தொடைல ஒரு கிள்ளு வச்சேன்.

நாள் 4, கம்பி

இன்னிக்கு எழுதறதுதான் எனக்கு முக்கியம், மத்ததை விட்டாலும் இதைப் படிச்சுருங்க.

பூங்காவுக்கு வெளிய ஊர்க்காரங்க நிலம், பெரிய பெரிய மேய்ச்சல் காடு, யானை பூங்கா எல்லைய பாத்தா நடக்குது? அங்க ஊர்லருந்தே வேலைக்கு எடுத்த ஸ்கவுட்டுங்க இருக்காங்க, முஸேக்குத் தெரிஞ்ச டீம், காலைல ஒரு ரவுண்டு கூட நடக்க விட்டாங்க. நான் கெளம்பறப்பவே ஒரு தப்பு பண்ணிட்டேன், கரு நீலத்துல சுடிதார். செட்சி ஈக்கு நீலம்னா உசிராம், சட்டைக்கு மேலயே குத்துது, நாலு மணி நேரம் நான் டான்ஸ்தான் ஆடுனேன், ஸ்கவுட்டுங்கள்ல ஒரு பொண்ணு சிரிப்ப அடக்க முடியாம தன் ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்துச்சு.

எட்டு பேரு, ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விட்டு வரிசையா நடக்கறாங்க. பேச்சில்ல. சினிமால காட்டற மாதிரி ஹெலிகாப்டர், சுடறது, தொரத்தறது ஒண்ணும் கெடையாது. குனிஞ்சு குனிஞ்சு புதரைப் பாக்கறது, அவ்வளவுதான். அரை மணி நேரம் நடந்தப்புறம் அந்தப் பொண்ணு நின்னு என்னைக் கூப்பிட்டு "பாருங்க"ன்னுச்சு. பாத்தேன். ஒண்ணும் தெரியல. மறுபடி காட்டுச்சு, அப்பவும் தெரியல. மூணாவது தடவ கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் விரலை வச்சுக் காட்டுச்சு. ரெண்டு முள்ளுச் செடிக்கு நடுவுல ஒத்தையடித் தடம், தடத்துக்குக் குறுக்க என் முழங்காலுக்குக் கீழ ஒரு வளையம், துருப்பிடிச்ச கம்பி, அந்த செம்மண்ணோட நெறத்துலயே இருக்கு. ரெண்டு பக்கமும் முள்ளை வெட்டி அடைச்சு வச்சிருக்கான், விலங்கு வேற வழில போக முடியாது, தலையை விட்டே ஆகணும். மறுமுனை மரத்துல முறுக்கிக் கட்டிருக்கு. அது டிக்-டிக்ங்கற சின்ன மான் உசரத்துக்காம், முயலை விட கொஞ்சம்தான் பெருசு இருக்கும். ஒட்டகச்சிவிங்கிக்குன்னா மரக்கிளைல உசரத் தொங்கவிடுவாங்களாம். வேலிக் கம்பி, பழைய டயரை எரிச்சு எடுத்த கம்பி, எது கெடச்சாலும் போதும், செலவே இல்ல. மானுக்கு வச்சதுல யானைக்குட்டி காலை விட்டுட்டா கம்பி உள்ள அறுத்துக்கிட்டே போகும், அப்புறம் டாக்டர் டீம் வந்து மயக்க ஊசி போட்டு வெட்டி எடுக்கணும்.

அந்தப் பொண்ணு கம்பியைப் பிரிச்சு சுருட்டுனா, போன்ல எடத்தைக் குறிச்சா, எந்த அளவு வளையம், புதுசா பழசா, பக்கத்துல காலடி இருந்துச்சா எல்லாம் போட்டா. இந்தக் குறிப்பெல்லாம் ஆபீஸ்ல மேப்புல ஏறிடும், எந்தப் பக்கம் கம்பி கூடுதுன்னு பாத்து ராத்திரி அங்க படுத்துக் காத்திருப்பாங்களாம், நெருப்பு மூட்டக்கூடாது, பீடி கூடாது, இருமல் வந்தாலும் வாயில துணி. மத்தியானத்துக்குள்ள பதினேழு கம்பி எடுத்தோம், அம்மிணி ஒண்ணே ஒண்ணைத் தானாக் கண்டுபிடிச்சா, அதுவும் நாலாவது மணி நேரத்துல, அவ மூஞ்சியைப் பாக்கணுமே, பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்குக்கூட இப்பிடி சிரிக்கல. ஞாபகத்துக்கு ஒண்ணு வச்சுக்கட்டுமான்னு கேட்டா, குடுக்க மாட்டேன்னுட்டாங்க, எல்லாத்தையும் எண்ணி ஆபீஸ்ல ஒப்படைக்கணும்.

கம்பி வைக்கறது யாருன்னு கேட்டேன். வெளியூர்க்காரனும் உண்டு, பக்கத்து ஊர்க்காரனும் உண்டு, கறி வித்தா காசு. மழை பொய்ச்சா கம்பி கூடும்னுச்சு அந்தப் பொண்ணு. சொந்தக்காரனே மாட்டுனா? "மாட்டிருக்கான்"னுச்சு. அவ்வளவுதான், மேல பேசல.

நாள் 5, சகல்லா

வோய் பக்கத்துல சகல்லா மலை அடிவாரம். தேனீ வேலி பாக்கப் போனோம். லூசி கிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் கொண்டு வந்தது, தோட்டத்தைச் சுத்தி பத்து மீட்டருக்கு ஒரு கூடு தொங்குது, நிஜக்கூடு ஒண்ணு, சும்மா மஞ்சள் பலகை ஒண்ணு, மாத்தி மாத்தி, எல்லாத்தையும் ஒரே கம்பில கோத்திருக்கு. யானை கம்பியைத் தள்ளுனா கூடு ஆடும், தேனீ கெளம்பும், கண்ணோரத்துலயும் தும்பிக்கைக்குள்ளயும் கொட்டும். விளைச்சல் காலத்துல வர்ற யானைல 80 சதவீதத்துக்கு மேல திரும்பிப் போச்சுன்னு வருஷக்கணக்கா எண்ணிப் பாத்திருக்காங்க. ஆனா கடும் பஞ்சம் வந்தா பூ இல்ல, தேனீயும் கூட்டை விட்டுப் போயிடும், சரியா அப்பத்தான் யானை பசியோட வரும். இதைக் கேட்டதும் எனக்கு நம்மூரு ஞாபகந்தான், அகழி வெட்டுனா மழையில மூடிக்குது, சோலார் வேலி போட்டா மரத்தைத் தள்ளிவிட்டு மேல ஏறிப் போகுது. அந்தத் தோட்டத்து அம்மா ஒரு ஸ்பூன் தேன் வாயில ஊத்துனாங்க, கசப்போட ஒரு இனிப்பு. மக்காச்சோளம் போன வருஷம் போச்சு, தேன் மட்டும் மிச்சம்னாங்க. 2022 பஞ்சத்துல கென்யால ஒம்பது மாசத்துல 205 யானை செத்துச்சுன்னு அரசாங்கமே கணக்கு குடுத்திருக்கு, அது வேட்டைக்காரன் வேலை இல்ல.

ராத்திரி ஊகாலியும் சுகுமா விக்கியும். ஊகாலின்னா மக்காச்சோளக் களி, நம்ம கம்பங்களிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, சுகுமா விக்கின்னா கீரை, அர்த்தம் 'வாரத்தைத் தள்ளு', சம்பளம் வர்ற வரைக்கும் தள்ளிக்கோன்னு. முஸே கொஞ்சம் வாயைத் தொறந்தாரு. அவரு சேந்தப்ப கொள்ளைக் கூட்டம் ஏகே-47 வச்சுக்கிட்டு இருந்த காலம், மன்யானி முகாம்ல பயிற்சி, அந்த எடம் வெள்ளைக்காரன் காலத்துல மாவ் மாவ் போராட்டக்காரங்களை அடைச்சு வச்ச எடம். மூத்த பொண்ணு பொறந்து பதினோரு நாள் கழிச்சுத்தான் அவருக்குத் தெரிஞ்சுதாம், ரோந்துல இருந்தாரு. ரெண்டு கூட்டாளிங்களை காட்டுக்குள்ளருந்து தூக்கிட்டு வந்திருக்காரு. மலேரியா எத்தனை தடவைன்னு கேட்டதுக்கு கையை விரிச்சாரு.

அம்மிணி அப்பத்தான் மெதுவா அவ கேள்வியைக் கேட்டா. அவரு சிரிக்கல, அதுவே எனக்குப் பெருசாப் பட்டுது. துப்பாக்கி தூக்கற வேலை கென்யாக்காரங்களுக்கு மட்டும்தான்மா, ஆள் எடுக்கற அன்னிக்கு ஓடறதுக்கு எத்தனை பசங்க வர்றாங்கன்னு பாத்தீனா நீ கேக்கவே மாட்டன்னாரு. வெளிநாட்டுக்காரங்களும் இருக்காங்க, கால்நடை டாக்டர், மேப் போடறவங்க, ரத்தம், கொம்பு, எலும்பு வச்சு டி.என்.ஏ. பாக்கறவங்க, அதுக்கெல்லாம் படிப்பு வேணும், வொர்க் பர்மிட் வேணும். அப்புறம் கேஸ் நடத்தறதும் ஒரு வேலைன்னாரு. 2013ல வந்த சட்டத்துல அழிஞ்சு வர்ற விலங்கைக் கொன்னா குறைஞ்சது ரெண்டு கோடி ஷில்லிங் அபராதம் இல்ல ஆயுள் தண்டனைன்னு போட்டிருந்துச்சு, ஆனா சாட்சியை ஒழுங்கா எழுதலன்னா எல்லாம் தண்ணில கரைச்ச மாதிரிதான். "நல்லா சுடறவனை விட நல்லா எழுதறவன்தான் கெடைக்க மாட்டேங்கறான்"னாரு. அம்மிணி ஒண்ணும் சொல்லல, களியை உருட்டிக்கிட்டே இருந்தா.

நாள் 6

பூரா ரோடு. வோய்லருந்து நைரோபி, நைரோபிலருந்து நன்யுகி. வழியில டயர் பஞ்சர், எனக்கு வயித்தால. எழுதறதுக்கு ஒண்ணுமில்ல.

நாள் 7, ஒல் பெஜெட்டா

நன்யுகி பூமத்திய ரேகை மேல இருக்கற ஊரு, ஆனா குளுருது, மவுண்ட் கென்யா பக்கத்துல. அங்கருந்து ஒல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகம். உலகத்துலயே மிச்சமிருக்கற வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் ரெண்டே ரெண்டு, அம்மா நஜின், மக ஃபாட்டு. ரெண்டும் பொட்டை. 2009 டிசம்பர்ல செக் நாட்டு மிருகக்காட்சி சாலைலருந்து நாலு கொண்டு வந்தாங்க, சூனி 2014ல போச்சு, கடைசி ஆண் சூடான் 2018 மார்ச் 19ந்தேதி, 45 வயசு. இருபத்திநாலு மணி நேரமும் துப்பாக்கிக் காவல், எதுக்குன்னா நம்ம நகத்துல இருக்கற அதே சரக்குல ஆன ஒரு கொம்புக்கு.

ஃபாட்டு பக்கத்துல வந்து நின்னுச்சு, லாரி வந்து நின்ன மாதிரி. கீப்பர் காதுக்குப் பின்னால சொறிஞ்சு விட்டாரு, கண்ணை மூடிக்குச்சு. காதோரத்துல மயிரு, தோல்ல காஞ்ச சேறு வெடிப்பு விட்டு நிக்குது, மூச்சு விடறப்ப புல்லு அசையுது. என்னையும் தொடச் சொன்னாரு, மதில் சுவத்தைத் தொட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா சூடா. கருமுட்டை எடுத்து லேப்ல கரு உண்டாக்கி உறைய வச்சிருக்காங்க, 30க்கு மேல இருக்காம், வேற வகை வெள்ளைக் காண்டாமிருகத்தோட வயித்துல வச்சு வளக்கற முயற்சி நடக்குது. தெக்கு வகைக் கருவை வச்சு சோதிச்சப்ப கரு நின்ன சேதி 2024 ஜனவரில வந்துச்சு, ஆனா சுமந்த தாய் அதுக்கு முன்னாடியே நோய்த்தொத்துல செத்துப்போயிருந்துச்சு.

கருப்புக் காண்டாமிருகம் கதை கொஞ்சம் தேவல. 1970 வாக்குல கென்யால 20,000, எண்பதுகள்ல 400க்கும் கீழ, 2021 கணக்குல 897. 2020ல நாட்டுலயே ஒண்ணுகூட வேட்டைக்குப் பலியாகலன்னு சொன்னாங்க. அந்த ஒரு வரியைப் படிக்க லேசா இருக்கு, அதுக்கு எத்தனை பேரு எத்தனை ராத்திரி இருமாம படுத்திருந்தாங்கன்னு நாலாம் நாள்லருந்து என் மண்டைல ஓடிட்டே இருக்கு.

இங்கயே ஒரு மரத்தடில செத்த காண்டாமிருகங்களுக்குக் கல்லு நட்டிருக்காங்க. பேரு, எப்பிடிச் செத்துச்சு, கொம்பை எடுத்தாங்களா இல்லையா, எல்லாம் எழுதிருக்கு. அம்மிணி ஒவ்வொரு கல்லா நின்னு நோட்டுல எழுதிக்கிட்டா. எதுக்குடின்னேன். "முஸே எழுதறவங்க வேணும்னாருல்ல"ன்னா. வண்டில ஏறுனதும் மேப் போடற கோர்ஸ் எங்க இருக்குன்னு போன்ல தேட ஆரம்பிச்சுட்டா, சிக்னல் இல்ல, திட்டிக்கிட்டே வந்தா. அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. அட்வான்ஸ் போனதைப் பத்தி மட்டும் இனி யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லப்போறேன்.

நாள் 8, ஏர்போர்ட்

ஒரே ஒரு விஷயம். பெட்டியெல்லாம் வரிசைல வச்சிருந்தோம், ஒரு ரேஞ்சர் நாயைக் கூட்டிட்டு வந்தாரு. தந்தம், காண்டாமிருகக் கொம்பு, எறும்புத்தின்னி செதில், எதுன்னாலும் மோந்து கண்டுபிடிக்கற நாய். என் பையில சகல்லா தேன் ரெண்டு பாட்டில், துணியெல்லாம் செம்மண்ணு, எனக்கு எதுக்கோ படபடன்னு வந்துருச்சு. நாய் என் பையைக் கண்டுக்கவே இல்ல, அம்மிணி ஷூவை மட்டும் ஒரு மோப்பம் புடிச்சுட்டு அடுத்த பெட்டிக்குப் போயிடுச்சு. அவ தடவிக் குடுக்கக் கையை நீட்டுனா, அந்த ஆளு தலையை ஆட்டி, வேலைல இருக்குன்னாரு. கண்டுபிடிச்சா அதுக்கு என்ன குடுப்பீங்கன்னு கேட்டா. பாக்கெட்டுலருந்து பாதி கிழிஞ்ச ஒரு பந்தை எடுத்துக் காட்டிட்டு, நாய் பாக்கறதுக்குள்ள உள்ள போட்டுக்கிட்டாரு.